கத்தரிப்பூச் சுவரும் ஃபால்ஸ் சீலிங்கும்: பழைய ஃப்ளாட் பார்க்கப் போகிறவர்களுக்கு

ஹாலில் ஒரு சுவர் கத்தரிப்பூ நிறம், எதிர்ச்சுவர் ஆரஞ்சு. பிள்ளைகள் அறையில் சுவர் முழுக்கக் கார்ட்டூன் யானை. சமையலறை அலமாரிக் கதவுகள் தக்காளிச் சிவப்பு. வீடு பார்க்க வந்த தம்பதி வாசலிலேயே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். ஐந்து நிமிடத்தில் "கலந்து பேசிட்டுச் சொல்றோம் சார்" என்று படியிறங்கிவிடுவார்கள். அதே தெருவில், அதே வயதில் இன்னொரு வீடு இருக்கும். வெள்ளைச் சுவர், மஞ்சள் ஒளி சிந்தும் ஃபால்ஸ் சீலிங், டி.வி.க்குப் பின்னால் மார்பிள் மாதிரி மினுங்கும் பேனல். அங்கே முக்கால் மணி நேரம் நிற்பார்கள். அட்வான்ஸ் எவ்வளவு என்று ப்ரோக்கரிடம் கேட்காமல் கிளம்ப மாட்டார்கள்.

முதல் வீட்டுக்காரர் தன் ரசனையைத் தவிர வேறெதையும் சுவரில் ஏற்றவில்லை. இரண்டாவது வீட்டில் மேல்தளக் காரை எப்படி இருக்கிறது என்று வந்தவர்களில் ஒருவருக்கும் தெரியாது. அது கண்ணிலேயே படவில்லை.

சென்னையில் கட்டி 15 முதல் 30 வருடமான மறுவிற்பனை ஃப்ளாட்டைத் தேடுகிறவர்கள் நிறத்தைக் கண்டு ஓடுவதும் மறைப்பைக் கண்டு மயங்குவதும் தினம் நடக்கிறது. இரண்டையும் தலைகீழாக்கிக்கொண்டால் நல்ல வீடு குறைந்த விலைக்கு அமைய வாய்ப்பு உண்டு.

முதலில் பெயின்ட் கணக்கு. ஆயிரம் சதுர அடி என்று விற்கப்படும் ஃப்ளாட்டில் உள்ளே கால் படும் இடம் பெரும்பாலும் 750 முதல் 800 சதுர அடிதான். சுவரும் மேல்தளமும் சேர்த்து பெயின்ட் ஏற வேண்டிய பரப்பு அதைப்போல மூன்றரை மடங்கு என்று மேஸ்திரிகள் தோராயமாகப் பிடிப்பார்கள். அதாவது சுமார் 2,700 சதுர அடி. நல்ல எமல்ஷன் ஒரு லிட்டர், இரண்டு கோட்டுக்கு 65 முதல் 70 சதுர அடி வரும். ஆக 20 லிட்டர் வாளி இரண்டு. நாலு பேர் இறங்கினால் ஒரு வாரம், பத்து நாள் வேலை. அந்தக் கத்தரிப்பூ நிறத்தின் மொத்த விலை இவ்வளவுதான்.

ஆனால் அடர் நிறத்தின்மேல் நேராக வெள்ளை அடிக்கச் சொல்லக்கூடாது. முதல் இரண்டு கோட்டிலும் கீழே இருக்கும் நிறம் ஊறித் தெரியும். பெயின்டர் மூன்றாவது, நான்காவது கோட்டுக்குப் போவார், விலையுயர்ந்த எமல்ஷன் அதில் கரையும். தேய்த்து, ஒரு கோட் வெள்ளை பிரைமர் கொடுத்துவிட்டால் அதற்குமேல் வழக்கமான இரண்டு கோட் போதும். சமையலறையிலோ படிப்பக்கத்திலோ எண்ணெய் பெயின்ட் பளபளவென்று இருந்தால், உப்புத்தாள் போட்டு அந்தப் பளபளப்பை எடுத்தாக வேண்டும். எடுக்காமல் அடித்த எமல்ஷன் ஆறு மாதத்தில் தோல் உரிகிற மாதிரி உரியும். சுவரில் உள்ளங்கையை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கையில் மாவு மாதிரி ஒட்டினால் அது பழைய டிஸ்டெம்பரோ சுண்ணாம்போதான். சுரண்டிக் கழுவாமல் அதன்மேல் எது அடித்தாலும் நிற்காது.

டெக்ஸ்சர் பெயின்ட் கொஞ்சம் கூடுதல் தலைவலி. மேடு பள்ளத்தை நிரவ மேடுகளைச் சுரண்டி, பட்டி பார்த்து, தேய்த்து மட்டம் செய்ய வேண்டும். 40 கிலோ பட்டி மூட்டை சீரான சுவரில் இரண்டு கோட்டுக்கு 400 சதுர அடி வரும். டெக்ஸ்சர் சுவரில் பாதி தூரம் போவதற்குள் தீர்ந்துவிடும். வால்பேப்பரை வெந்நீர் தெளித்து ஊறவிட்டு உரிக்கலாம். பசையை நன்றாகக் கழுவாமல் பட்டி பார்த்தால்தான் பிறகு கொப்புளம் வரும்.

இவை எல்லாம் ஒரு மேஸ்திரியோடு முடிகிற வேலை. கடன் கொடுக்கும் வங்கியின் மதிப்பீட்டாளரும் இப்படித்தான் பார்க்கிறார். அவர் பார்ப்பது நிலத்தில் உங்களுக்கு வரும் பிரிபடாத பாகம் எவ்வளவு, கட்டடம் எத்தனை வருடம் பழையது, அனுமதி வரைபடத்தோடு ஒத்துப்போகிறதா என்பவைதான். கான்கிரீட் கட்டடத்துக்கு 60 வருட ஆயுள், கடைசியில் பத்து சதவீத மிச்ச மதிப்பு என்று வைத்துச் சமமாகக் கழிப்பது வழக்கமான ஒரு முறை. அப்படிப் பார்த்தால் 20 வயதுக் கட்டடத்தின் மதிப்பில் 30 சதவீதம் போயிருக்கும். நிலத்தின் பாகத்தில் எதுவும் கழியாது. "இன்டீரியருக்கு மட்டும் எட்டு லட்சம் போட்டேன்" என்று விற்பவர் சொல்லலாம். அதில் பெரும்பகுதி மதிப்பீட்டாளரின் தாளில் ஏறாது, ஆகவே கடனிலும் வராது. அந்தத் தொகை முழுக்க உங்கள் கையிலிருந்து போகிற பணம். அதைக் கொடுப்பதற்கு முன், அந்த எட்டு லட்சம் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் உண்மையான வேலை.

ஃபால்ஸ் சீலிங்கில் ஆரம்பிக்கலாம். பழைய ஃப்ளாட்டுகளில் தரையிலிருந்து தளத்தின் அடிவரை பெரும்பாலும் ஒன்பதரை அடி கிடைக்கும். ஜிப்சம் சீலிங் அதில் ஆறு முதல் ஒன்பது அங்குலம் சாப்பிடும். மின்விசிறி இன்னும் கீழே வரும். வெக்கை ஊருக்கு இது நல்லதல்ல. தளத்தை மறைப்பது அதைவிடப் பெரிய சிக்கல். சென்னை கடற்கரை ஊர். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கத்துப் பழைய கட்டடங்களில் உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்து கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். உள்ளேயிருந்து தள்ளித் தள்ளி, கம்பியை மூடியிருக்கும் காரை வெடித்துப் பெயர்ந்து விழும். முதலில் கம்பி ஓடுகிற கோட்டிலேயே மெல்லிய விரிசல், அடுத்துப் பழுப்புக் கறை, கடைசியில் கம்பி பல்லிளிக்கும். இந்த மூன்று கட்டத்தில் எதுவாக இருந்தாலும் அதன்கீழ் ஒரு ஜிப்சம் பலகையைத் தொங்கவிட்டு, சுற்றி எல்.இ.டி. பட்டை ஓட்டிவிடலாம்.

பார்க்க வழி இருக்கிறது. சீலிங்கில் பதித்திருக்கும் வட்ட டவுன்லைட்டுகள் ஸ்பிரிங் கிளிப்பில் நிற்பவை. மெயினை அணைத்துவிட்டு, விற்பவரின் அனுமதியோடு எலெக்ட்ரீஷியன் ஒருவரை வைத்து ஒன்றைக் கீழே இறக்கச் சொல்லுங்கள். மூன்று நான்கு அங்குல ஓட்டை கிடைக்கும். செல்போனில் டார்ச்சைப் போட்டு, வீடியோவை ஓடவிட்டு, கையை உள்ளே நுழைத்து ஒரு சுற்றுச் சுற்றுங்கள். அறைக்கு ஓர் ஓட்டை போதும். மேல் வீட்டுக் குளியலறைக்குக் கீழே வரும் இடத்தை மட்டும் விடவே கூடாது. வெறும் சிமென்ட் நிறம் தெரிந்தால் நிம்மதி. வெள்ளையாக உப்பு பூத்திருந்தால் தண்ணீர் வருகிறது. பழுப்புக் கோடு என்றால் கம்பிவரை போய்விட்டது. பிளாஸ்டிக் டப்பா ஒன்று சீலிங்குக்குமேல் உட்கார்ந்திருந்தால் விளக்கமே தேவையில்லை.

விற்பவர் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அதையே ஒரு பதிலாக வைத்துக்கொள்ளலாம்.

காரை பெயர்ந்த தளத்தைச் சரிசெய்ய முடியும். தளர்ந்ததைக் கொத்தி எடுத்து, கம்பியின் துருவைச் சுரண்டி, துருத் தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் சேர்த்த சிமென்ட் கலவை பூச வேண்டும். கம்பி மிகவும் இளைத்திருந்தால் புதுக் கம்பி சேர்த்துக் கட்ட வேண்டும். அது ஸ்ட்ரக்சுரல் என்ஜினீயர் பார்த்துச் சொல்ல வேண்டிய வேலை. தனிப் பூச்சாக வெறும் சிமென்ட் வைத்து அடைத்தால் இரண்டு மழைக்காலத்தில் மறுபடி விழும். தண்ணீர் மேல் வீட்டிலிருந்து வருகிறதென்றால் நீங்கள் உங்கள் பக்கம் எவ்வளவு செலவழித்தாலும் பயனில்லை. மேல் வீட்டுக்காரர் தன் குளியலறையை உடைக்கச் சம்மதிக்க வேண்டும். அவர் நல்ல மனிதரா என்பது அந்த நேரத்தில் கட்டடத்தின் தரத்தைவிட முக்கியமாகிவிடும்.

இதன் மறுபக்கமும் உண்டு: உங்கள் குளியலறை கீழ் வீட்டில் ஒழுகுகிறதா? ஃப்ளாட் பார்க்கப் போகும் நாளில் கீழ் வீட்டுக் கதவைத் தட்டி, "மேல வீடு வாங்கலாம்னு இருக்கோம், உங்க பாத்ரூம் சீலிங்கை ஒரு நிமிஷம் பார்க்கலாமா" என்று கேளுங்கள். மறுப்பவர்கள் குறைவு. ஒழுகல் இருந்தால் வருடக்கணக்கான மனக்குறையையும் சேர்த்துச் சொல்வார்கள். குளியலறைத் தளம் வழக்கமாக ஓர் அடி இறக்கிப் போட்டு, அதற்குள் குழாய் ஓட்டி, மேலே நிரவி டைல் பதித்திருப்பார்கள். அந்தக் குழிக்குள் தண்ணீர் தேங்க ஆரம்பித்தால், மேலே புது டைல் ஒட்டிப் புது ஷவர் மாட்டுவதால் ஒன்றும் ஆகாது. முழுக்க உடைத்து, குழியைக் காலி செய்து, குழாய் மாற்றி, வாட்டர்ஃப்ரூஃபிங் பூசி, 48 மணி நேரம் தண்ணீர் கட்டி நிறுத்திப் பார்த்த பிறகே மூட வேண்டும். ஒரு குளியலறைக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். "போன வருஷம்தான் பாத்ரூம் ரெனவேட் பண்ணோம்" என்றால் உடைத்துச் செய்தார்களா, மேலேயே ஒட்டினார்களா என்று கேட்க வேண்டும். டைல் மேல் டைல் ஒட்டியிருந்தால் தரை மட்டம் அரை, முக்கால் அங்குலம் ஏறியிருக்கும். கதவின் அடியை அறுத்திருப்பார்கள், வாசற்படிக்கும் உள்தரைக்கும் இடையில் உயர வித்தியாசமே இருக்காது. ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிப் பாருங்கள். வாட்டம் சரியாக இருந்தால் தண்ணீர் நேரே ஓட்டைக்குப் போகும். அறைப்பக்கம் ஓடி வந்தால் தினமும் ஓடி வரும்.

டைலை ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டுவதும் நல்ல பழக்கம். கணீரென்ற சத்தம் டப்பென்று மாறும் இடத்தில் கீழே வெற்றிடம். நாலைந்து டைல் அப்படி இருந்தால் பொருட்படுத்த வேண்டாம், அறையே அப்படி என்றால் கோடை வெயிலில் ஒரு மதியம் கூடாரம் மாதிரி எழும்பி நிற்கும்.

இனிச் சுவர். டி.வி. பின்னால் பி.வி.சி. பேனல், கட்டிலுக்குப் பின்னால் குஷன் பேனல், ஓரமாக மரப்பட்டைகள் என்று வந்துவிட்டன. இவற்றில் பல ஆசைக்காக வைத்தவை, சில ஓதத்தை, அதாவது சுவரில் ஊறும் ஈரத்தை, மறைக்க வைத்தவை. இரண்டையும் பிரித்தறிய பேனல் எந்தச் சுவரில் இருக்கிறது என்று பாருங்கள். அந்தச் சுவருக்கு மறுபக்கம் குளியலறையா? கழிவுநீர்க் குழாய் இறங்கும் ஷாஃப்டா? மழை நேராக அடிக்கும் வெளிச்சுவரா? இந்த மூன்றில் ஒன்றாக இருந்தால் சந்தேகப்படலாம். ஓதம் இருந்தால், பேனலின் கீழ் ஓரத்தில், ஸ்கர்ட்டிங் என்கிற தரையோர டைல் பட்டைக்கு மேலே, விரலை வைத்துத் தடவினால் பொரிந்த காரையோ உப்புப் பொடியோ கையில் வரும். அலமாரியைத் திறந்து பின்பலகையில் மூக்கை வையுங்கள். வாசனை திரவியம் தெளித்த வீட்டிலும் அலமாரிக்குள் யாரும் தெளிப்பதில்லை.

பேனல் இல்லாத புதுப் பூச்சுக்கு டார்ச் போதும். எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, டார்ச்சைச் சுவரோடு சுவராகப் படுக்கவைத்துப் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத மேடு, பட்டி போட்ட திட்டு, மறைத்த விரிசல் எல்லாம் நிழலோடு எழுந்து வரும். நாலு சுவரில் ஒன்றில் மட்டும் புதுப் பெயின்ட் என்றால் காரணம் கேளுங்கள். சந்தேகமான இடத்தில் ஒன்றரை அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட அனுமதித்தால் இன்னும் தெளிவு கிடைக்கும். தாளின் உட்புறம் வேர்த்திருந்தால் ஈரம் சுவரில் இருந்து வருகிறது.

மஞ்சள் விளக்கும் ஒரு மறைப்புத்தான். எந்தச் சுவரையும் அது அழகாக்கும். காலை பதினொரு மணிக்கு ஒருமுறை, சாயங்காலம் நாலு மணிக்கு ஒருமுறை, விளக்கு போடாமல் திரையை விலக்கிப் பாருங்கள். அப்போதும் ஹாலில் பேப்பர் படிக்க முடியாவிட்டால் அந்த வீட்டில் வருடம் முழுக்க விளக்கெரியும். சுவர் நீளக் கண்ணாடி மாட்டியிருந்தால் அறை இரட்டிப்பாகத் தெரியும் என்பதால் டேப் இல்லாமல் போகவே வேண்டாம். கட்டில் ஐந்துக்கு ஆறரை அடி என்றால் சுற்றி நடக்கக் குறைந்தது இரண்டடி வேண்டும். விற்பவரின் அறையில் நாலேகால் அடிக் கட்டில் போட்டு விசாலமாகக் காட்டுவது புதிய தந்திரமல்ல.

சமையலறையில் கதவு நிறத்தைப் பார்க்காமல் சிங்க்குக்குக் கீழே குனியுங்கள். அடிப்பலகை பொங்கி, ஓரம் உப்பியிருந்தால் அது தூள் பலகை (பார்ட்டிக்கிள் போர்டு). நிறம் எதுவானாலும் அதற்கு ஆயுள் முடிந்தது. தண்ணீர் படும் இடத்துக்கு ஐ.எஸ். 710 முத்திரை போட்ட பிளைவுட், மற்ற இடத்துக்கு ஐ.எஸ். 303 என்பது வழக்கம். முத்திரை பலகையின் முகத்தில்தான் இருக்கும், லேமினேட் ஒட்டியபின் தெரியாது. பில் இருந்தால் கேளுங்கள், இல்லாவிட்டால் தூள் பலகை என்றே விலை போடுங்கள். பெட்டிகள் நல்ல பிளைவுட்டாக இருந்து கதவு நிறம் மட்டும் பிடிக்கவில்லை என்றால் கதவை மாற்றினால் போதும், அந்தத் தக்காளிச் சிவப்பு ஒரு வாரத்தில் போய்விடும். பரணுக்குள்ளும் நிலைக்கால் அடியிலும் சாவியால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் கரையான். மண் கோடு ஓடியிருப்பதைப் பெயின்ட் அடித்து மறைக்கலாம், மரத்தின் உறுதியைப் பெயின்ட் தராது.

குழாய்கள் எல்லாம் புதுசாக மின்னினால் ஃப்ளஷ் டேங்க் மூடியைத் தூக்குங்கள். யாரும் அதற்குள் துடைப்பதில்லை. உள்ளே வெள்ளைப் பொருக்கு கட்டியிருந்தால் போர்வெல் தண்ணீர் உப்பு. ஹீட்டர், வாஷிங்மெஷின் எல்லாவற்றுக்கும் அதே கதி. மின்பெட்டியைத் திறந்தால் மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா, ஏ.சி.க்கும் ஹீட்டருக்கும் மின்சுமை மீறினால் தானே அணையும் தனி எம்.சி.பி. இருக்கிறதா என்று தெரியும். சீலிங்கில் நாற்பது விளக்கு போட்டவர் பழைய ஒயரிலேயே எல்லாவற்றையும் தொங்கவிட்டிருக்கிறாரா என்பதையும் எலெக்ட்ரீஷியன் அங்கேயே சொல்லிவிடுவார்.

தரைத்தள வீடு என்றால் 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் மனதில் வைத்துப் பாருங்கள். வீட்டுக்குள் தண்ணீர்க் கோட்டைப் பெயின்ட் மறைத்துவிடும். மீட்டர் அறையையும் லிஃப்ட் குழியையும் பொதுக் காம்பவுண்டுச் சுவரின் உட்புறத்தையும் யாரும் மறைக்க மாட்டார்கள். நிலைக்கால்கள் எல்லாம் ஒரே உயரம்வரை மட்டும் உப்பியிருந்தால் தண்ணீர் எதுவரை நின்றது என்று அளவு எடுக்கவே வேண்டாம். காவலாளியிடம் கேட்டால் முழங்காலைத் தொட்டோ இடுப்பைத் தொட்டோ காட்டுவார்.

அலங்காரம் என்ற பெயரில் சுவரையே எடுத்துவிட்ட வீடுகள் தனி ரகம். சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே நாலரை அங்குலச் சுவர் என்றால், தூணும் பீமும் தாங்கும் கட்டடத்தில் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. பழைய குடியிருப்புகளில் ஒன்பது அங்குலச் சுவரே தளத்தைத் தாங்கும். அதில் வளைவு வெட்டியிருந்தால் என்ஜினீயர் பார்க்காமல் நகரக்கூடாது. பால்கனியைக் கண்ணாடி போட்டு அறையாக்கியதும் இந்தக் கணக்கில்தான் வரும். அனுமதி வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாக ஒத்துப் பாருங்கள். வாஸ்துவுக்காக அடைத்த கதவின்மேல் ஷோகேஸ் நிற்பதும் அப்போதுதான் தெரியவரும்.

விலை ஒத்துவந்தபின் அக்ரிமென்ட்டில் எது வீட்டோடு வருகிறது என்று எண்ணி எழுத வேண்டும்: ஏ.சி. எத்தனை, சிம்னி, ஹீட்டர், மின்விசிறிகள், திரைக்கம்பி, சுவிட்ச்பலகைவரை. வாய்ப்பேச்சில் விட்டால் சாவி வாங்கும் நாளில் சரவிளக்கு இருந்த இடத்தில் இரண்டு ஒயர்தான் தொங்கும்.

சாவி கையில் வந்ததும் எல்லோரும் முதலில் பெயின்டரைத்தான் கூப்பிடுகிறார்கள். அவர் கடைசியாக வர வேண்டியவர். ஒழுகல், குழாய், ஒயரிங், டைல், மரவேலை எல்லாம் முடிந்து, பூச்சு காய்ந்த பிறகுதான் பட்டி. புதுச் சிமென்ட் பூச்சு காய ஒரு மாதமாவது வேண்டும். மழைக்கு முன் வாங்கியவர்களுக்கு இன்னொரு யோசனை: கண்ணை உறுத்தினாலும் அந்தக் கத்தரிப்பூச் சுவரை ஐப்பசி, கார்த்திகை தாண்டும்வரை அப்படியே விட்டுவையுங்கள். ஓதம் ஏறினால் வெள்ளை உப்பு முதலில் தெரிவது அந்த நிறத்தின்மேல்தான்.